தலைநகரம் ஏன் அங்கே இருக்கிறது?

(ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கூடியிருந்த நூலகக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"உலக நாடுகளும் அவற்றின் தலைநகரங்களும்" என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேச அழைத்தார்கள். இந்தத் தலைப்பைக் கேட்டதும் உங்களில் பலருக்குப் பொது அறிவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வரும் அட்டவணை நினைவுக்கு வந்திருக்கும். இடப்பக்கம் நாடு, வலப்பக்கம் தலைநகர், சில புத்தகங்களில் மூன்றாவதாக நாணயம். ஆப்கானிஸ்தான் என்றால் காபூல், அல்பேனியா என்றால் டிரானா, அல்ஜீரியா என்றால் அல்ஜியர்ஸ் என்று தொடங்குவோம். பெரும்பாலான பிள்ளைகள் அந்த வரிசையில் பாதி தூரம்கூடப் போவதில்லை. முழுதாகப் படித்து முடித்தவர்களும் தேர்வு முடிந்த கையோடு மறந்துவிடுகிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு, "கைப்பேசியில் கேட்டால் நொடியில் சொல்லிவிடுகிறதே, இதைப் போய் ஏன் பிள்ளைகள் தலையில் ஏற்ற வேண்டும்?" என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நான் அவர்கள் கட்சி இல்லை. பெயர் மனத்தில் இருக்கிறவருக்குத்தான் செய்தி காதில் விழும். 2023 ஏப்ரலில் சூடானில் இராணுவமும் துணை இராணுவமும் மோதிக்கொண்டன. தலைநகர் கார்ட்டூம் போர்க்களமானது. வெள்ளை நைலும் நீல நைலும் கூடுகிற இடம் கார்ட்டூம் என்று முன்பே படித்து வைத்திருந்த மாணவிக்கு, அது இரண்டு ஆறுகள் சேரும் கரையில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்த ஊர். படிக்காதவருக்கு அது வாயில் நுழையாத இன்னொரு பெயர். அவர் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். தெரியாத பெயரை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்ததைத்தான் தேடுகிறோம்.

ஆகவே மனப்பாடம் வேண்டும் என்பது என் கட்சி. நினைவாற்றலைக் கொண்டாடிய மரபு நம்முடையது. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் நூறு செயல்களில் ஒருசேரக் கவனம் வைத்துச் சதாவதானி என்று பெயர் பெற்றார். அதைப் பார்க்க அறிஞர்கள் திரண்டு வந்தார்கள். மனப்பாடம் என்றாலே மட்டமானது என்று பேசும் வழக்கம் நமக்கு அண்மையில் வந்தது; அதை நான் ஏற்கவில்லை.

நான் மாற்றச் சொல்வது மனப்பாடம் செய்கிற முறையை. தலைநகரின் பெயரைச் சொல்லிக்கொடுக்கும் அதே மூச்சில், "அது ஏன் அங்கே இருக்கிறது?" என்ற கேள்வியையும் சொல்லிக்கொடுங்கள். மலையையும் ஆற்றையும் இயற்கை வைத்தது. தலைநகரை மனிதர்கள் கூடிப் பேசி, சண்டையிட்டு, முடிவெடுத்து வைத்தார்கள். ஒவ்வொரு தலைநகருக்குப் பின்னாலும் ஒரு போட்டியோ, ஒரு சமரசமோ, ஒரு பயமோ, சரக்கு இறங்குகிற ஒரு துறையோ இருக்கிறது. அது தெரிந்தவருக்குப் பெயர் மறப்பதில்லை.

எல்லா வினாடி வினாவிலும் தவறாமல் வருகிற ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். சிட்னி என்று சொல்லி மதிப்பெண் இழந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். விடை கான்பெரா என்று திருத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அங்கே நின்று ஏன் என்று கேட்டுப் பாருங்கள். 1901 ஜனவரி 1 அன்று ஆறு பிரிட்டிஷ் குடியேற்றங்கள் ஒன்று சேர்ந்து ஆஸ்திரேலியக் கூட்டமைப்பு பிறந்தது. மூத்த ஊர் நாங்கள், தலைநகர் எங்களுக்கே என்றது சிட்னி. தங்கச் சுரங்கங்களால் செழித்திருந்த மெல்போர்ன் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றது மனக்கசப்போடுதான் கூட்டமைப்பில் இருக்கும். ஆகவே அரசியல் சட்டத்திலேயே, 125ஆம் பிரிவில், ஓர் ஏற்பாட்டை எழுதிவைத்தார்கள். தலைநகர் சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குள் அமையும். ஆனால் சிட்னியிலிருந்து குறைந்தது 100 மைல் தள்ளி இருக்க வேண்டும். அந்த ஊர் எழும்வரை நாடாளுமன்றம் மெல்போர்னில் கூடும். இரண்டு ஊர்களுக்கும் ஆளுக்குப் பாதி வெற்றி.

அதன் பிறகும் இழுபறி ஓயவில்லை. 1904இல் டால்கெட்டி என்ற சிற்றூரைத் தேர்ந்தார்கள். அது சிட்னியிலிருந்து ரொம்பத் தூரம் என்று நியூ சவுத் வேல்ஸ் முறுக்கிக்கொண்டது. 1908இல் யாஸ்–கான்பெரா பகுதி என்று முடிவானது. ஆட்டு மந்தைகள் மேய்ந்த புல்வெளி அது. நகரை வரைய உலகளாவிய போட்டி வைத்தார்கள். 1912இல் சிகாகோவைச் சேர்ந்த வால்டர் பர்லி கிரிஃபின் வென்றார். அந்த வெற்றியில் அவருடைய மனைவி மேரியன் மஹோனி கிரிஃபினுக்குப் பெரும் பங்கு உண்டு. நடுவர்களைக் கவர்ந்த அழகிய படங்களைத் தீட்டியவர் அவர்தான். 1913 மார்ச் 12இல் ஊருக்குக் கான்பெரா என்று பெயர் சூட்டினார்கள். நாடாளுமன்றம் அங்கே குடிபுகுந்தது 1927 மே மாதத்தில். அதுவரை 26 ஆண்டுகள் மெல்போர்னிலிருந்துதான் ஆட்சி நடந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வால்டர் பர்லி கிரிஃபின் கடைசிக் காலத்தில் நம் நாட்டுக்கு வந்தார். லக்னோவில் பயனியர் நாளிதழுக்குக் கட்டடம் வரைந்தார். 1937இல் லக்னோவிலேயே இறந்தார். அவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் தலைநகரை வடிவமைத்தவர் உத்தரப் பிரதேச மண்ணில் உறங்குகிறார். இதைக் கேட்ட பிள்ளை கான்பெராவை இனி எப்படி மறக்கும்?

போட்டியால் பிறந்த தலைநகரங்கள் இன்னும் பல. அமெரிக்காவில் வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் பேரம் பேசி, 1790இல் பொட்டோமாக் ஆற்றங்கரையைத் தேர்ந்தன, அதனால் வாஷிங்டன். கனடாவில் ஊர்ச் சண்டை முற்றி, 1857இல் விக்டோரியா மகாராணியிடம் தீர்ப்புக் கேட்டார்கள், அதனால் ஒட்டாவா. தென்னாப்பிரிக்காவில் 1910இல் நான்கு குடியேற்றங்கள் சேர்ந்து ஒன்றியம் ஆனபோது யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நிர்வாகம் பிரிட்டோரியாவுக்கு, நாடாளுமன்றம் கேப் டவுனுக்கு, மேல்முறையீட்டு நீதிமன்றம் புளூம்பான்டைனுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். நான்காவது குடியேற்றமான நேட்டாலின் தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கு இழப்பீட்டுப் பணம்தான் கிடைத்தது. 1893இல் காந்தியடிகளை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது இந்தப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில்தான். தென்னாப்பிரிக்காவுக்கு மூன்று தலைநகரங்கள் என்று வெறுமனே எழுதிப்போட்டால் பிள்ளைக்குக் குழப்பம். நான்கு பேர் சொத்துப் பிரித்த கதையாகச் சொன்னால் மூன்று பெயரும் ஒரே தடவையில் பதிந்துவிடும்.

பொலிவியாவில் சட்டப்படி தலைநகர் சுக்ரே. ஆட்சி நடப்பது லா பாஸில். காரணம் பூமிக்கு அடியில் கிடக்கிறது. பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்குப் பக்கத்து ஊரான சுக்ரே வெள்ளிப் பணத்தில் வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் வெள்ளி சரிந்து வெள்ளீயம் எழுந்தது. வெள்ளீயப் பணமும் வணிகமும் லா பாஸ் பக்கம் சேர்ந்தன. 1898, 1899 ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. லா பாஸ் வென்றது. அரசாங்கமும் நாடாளுமன்றமும் 3,600 மீட்டர் உயரத்து லா பாஸுக்குப் போயின. உச்ச நீதிமன்றமும் தலைநகர் என்ற பட்டமும் சுக்ரேயில் நின்றுவிட்டன.

இப்போது ஆப்பிரிக்காவின் நடுவுக்கு வாருங்கள். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க விரும்புகிறேன். காங்கோ என்ற பெயரில் இரண்டு நாடுகள். ஒன்றின் தலைநகர் பிரஸ்ஸாவில், மற்றதின் தலைநகர் கின்ஷாசா. அட்டவணையில் இவற்றை மாற்றி மாற்றி எழுதாத மாணவர் அரிது. வரைபடத்தை விரித்தால் வியப்பு காத்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில் இருக்கின்றன. இக்கரையில் நின்றால் அக்கரைத் தலைநகரின் மாடிக் கட்டடங்கள் தெரியும். இரண்டு நாட்டுத் தலைநகரங்கள் ஏன் இப்படி நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கின்றன?

விடையைக் காங்கோ ஆறே சொல்கிறது. அட்லாண்டிக் கடலிலிருந்து உள்ளே வருகிற கப்பல் மட்டாடி வரைதான் வர முடியும். அதற்கு மேலே தொடர்ச்சியான அருவிகளும் பாறைகளில் மோதிச் சீறும் நீரோட்டங்களும். எந்தக் கப்பலும் ஏற முடியாது. அந்த அருவிகளுக்கு மேலே ஆறு ஏரிபோல விரிந்து அமைதியாகிறது. அங்கிருந்து கிசங்கானி வரை ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் படகு தடையில்லாமல் போகும். அதாவது, அந்த அகன்ற நீர்ப்பரப்பின் கரையைப் பிடித்தவர் கையில் நடு ஆப்பிரிக்காவின் உள்நாட்டுக்குத் திறவுகோல் கிடைத்துவிடும். 1880இல் பிரான்சுக்காகப் பியேர் டி பிரஸ்ஸா என்பவர் டேக்கே மக்களின் அரசரோடு உடன்படிக்கை செய்து வடகரையைப் பிடித்தார். அடுத்த ஆண்டே, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்காக நாடாய்வுப் பயணி ஸ்டான்லி தென்கரையில் ஒரு நிலையம் அமைத்து, அதற்குத் தன் எசமானின் பெயரை வைத்தார். அதுதான் லியோபோல்டுவில்.

பிறகு நடந்ததைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தென்கரையில் ரப்பருக்காக மக்களைக் கொடுமைப்படுத்தி லியோபோல்டு நடத்திய ஆட்சி உலகமே கண்டித்த ஆட்சி. 1908இல் அந்த நாட்டை அவர் கையிலிருந்து பெல்ஜிய அரசு எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அருவிகளைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போக மட்டாடி ரயில்பாதை 1898இல் முடிந்தது. வடகரையிலிருந்து கடற்கரைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 1934இல் முடித்த பாதையில் கட்டாய வேலைக்கு இழுத்து வந்த ஆப்பிரிக்கர்கள் ஆயிரமாயிரமாக மடிந்தார்கள். விடுதலைக்குப் பிறகு, 1966இல், லியோபோல்டுவில் கின்ஷாசா ஆனது. அந்த மன்னன் பெயரை அந்த மக்கள் தூக்கி எறிந்ததில் நியாயம் இருக்கிறது. எதிர்க்கரை பிரஸ்ஸாவில் என்ற பெயரை வைத்துக்கொண்டது. இன்றைக்கும் இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே பாலம் கிடையாது. படகில்தான் கடக்க வேண்டும். அருவி, ஆறு, ரயில், ரப்பர், விடுதலை எல்லாம் இந்த இரண்டு பெயர்களுக்குள் அடங்கியிருக்கின்றன. இதை ஒரு வகுப்பு நேரத்தில் சொல்லிவிடலாம்.

தலைநகரை இடம் மாற்றுவது நமக்குப் புதிய செய்தி அல்ல. கங்கைவரை படை அனுப்பிய இராசேந்திர சோழன் தஞ்சையை விட்டுக் கங்கைகொண்டசோழபுரத்தை எழுப்பினான். ஏறத்தாழ 1025இலிருந்து சோழப் பேரரசு முடியும்வரை அதுவே தலைநகர். ஆங்கிலேயர் 1911இல் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குத் தலைநகரை மாற்றியதையும் நாம் படித்திருக்கிறோம். இதே வேலையை மற்ற நாடுகள் எதற்குச் செய்தன என்று பாருங்கள்.

பிரேசிலுக்கு முதலில் சால்வடார், 1763இலிருந்து ரியோ டி ஜெனிரோ. இரண்டும் கடற்கரை ஊர்கள். நாட்டின் உள்பகுதியில் மக்கள் குறைவாகவே இருந்தார்கள். உள்நாட்டு மேட்டுநிலத்தில் தலைநகருக்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று 1891ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். எழுதியது எழுத்தாகவே கிடந்தது. 1956இல் குடியரசுத் தலைவரான குபிட்ஷெக் அதைத் தன் பதவிக்காலத்துக்குள் முடிப்பேன் என்று இறங்கினார். லூசியோ கோஸ்டா நகரை வரைந்தார். ஆஸ்கர் நீமெயர் கட்டடங்களை வடிவமைத்தார். 1960 ஏப்ரல் 21இல் பிரசிலியா தலைநகரானது. அந்தத் தேதியும் காரணத்தோடு வைத்ததே. போர்ச்சுகல் ஆட்சியை எதிர்த்துத் தூக்கில் இறந்த விடுதலை வீரர் டிராடென்டிஸின் நினைவு நாள் அது.

நைஜீரியாவில் ஹவுசா, யொரூபா, இக்போ என்று பெரிய இனங்கள் மூன்று. லாகோஸ் யொரூபா மண்ணில் இருந்தது. 1967 முதல் 1970 வரை உள்நாட்டுப் போரில் நாடு ரத்தம் சிந்தியது. எந்தப் பெரிய இனத்துக்கும் சொந்தமில்லாத நடுநாட்டில் தலைநகர் வேண்டும் என்று 1976இல் முடிவு செய்து, 1991 டிசம்பரில் அபுஜாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். கஜகஸ்தான் 1997இல் தெற்கு மூலையிலிருந்த அல்மாட்டியை விட்டு வடக்குப் புல்வெளிக்குப் போனது. அந்த நகரம் அக்மோலா, அஸ்தானா, நூர்-சுல்தான், 2022இல் மறுபடி அஸ்தானா என்று பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மியான்மரில் இராணுவ அரசு 2005இல் யாங்கோனை விட்டு நேபிடோவுக்குப் போனது. இந்தோனேசியா, நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி நிலமே தாழ்ந்துகொண்டிருக்கிற ஜகார்த்தாவுக்குப் பதிலாகப் போர்னியோ தீவில் நுசாந்தரா என்ற நகரைக் கட்ட 2022இல் சட்டம் இயற்றியது. கடற்கரையில் வெள்ளைக்காரன் கப்பல் நின்ற இடத்தில் பிறந்த தலைநகரை விடுதலை பெற்ற நாடு உள்நாட்டுக்கு நகர்த்துவது திரும்பத் திரும்ப நடப்பதைக் கவனியுங்கள். டார் எஸ் சலாமை விட்டு டொடோமாவைத் தேர்ந்த தான்சானியாவும், கராச்சியை விட்டு இஸ்லாமாபாத்தைக் கட்டிய பாகிஸ்தானும் இந்த வரிசைதான்.

தமிழர்கள் வாழ்வோடு கலந்த தலைநகரங்களை நம் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டும் என்பேன். மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயி. அந்தத் துறைமுகத்தைக் கட்டி எழுப்பிய பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொன்னே. அந்தக் கட்டட வேலைக்குப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் கப்பலேறிப் போனார்கள். அதே லா பூர்தொன்னே 1746இல் கப்பற்படையோடு வந்து ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தார். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் கோட்டையைப் பிடித்த செய்தி விரிவாக இருக்கிறது. இன்று மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை. ஃபிஜியின் தலைநகர் சுவா. கரும்புத் தோட்டத்துக்கு அழைத்துப் போன நம் மக்கள் பட்ட துயரத்தைப் பாரதியார் பாடியது அந்த ஃபிஜியைத்தான். அங்கே முதலில் லெவுகா என்ற ஊர் தலைநகராக இருந்தது. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய இடம். ஊர் வளர வழியில்லை. 1882இல் சுவாவுக்கு மாற்றினார்கள்.

இலங்கையைக் கேட்டால் நம்மவர்கள் உடனே கொழும்பு என்பார்கள். சட்டமன்றத் தலைநகர் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை. கொழும்பின் புறநகர்ப் பகுதி அது. பழைய கோட்டை அரசின் இடம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த நாடாளுமன்றம் அங்கே ஏரி நடுவே 1982இல் திறக்கப்பட்டது. பக்கத்து நாட்டின் தலைநகரைப் பற்றி இந்த அளவாவது தெரிந்திருப்பது நம் கடமை.

சரி, காரணம் தெரிந்தால் போதுமா? போதாது. பெயரை மறுபடி மறுபடி நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். இதில் ஆய்வாளர்கள் சொன்ன இரண்டு உண்மைகள் ஆசிரியர்களுக்குப் பயன்படும். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து 1885இல் நூல் வெளியிட்டார். படித்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாகக் கழன்றுவிடுகிறது; மிச்சம் மெதுவாகத் தேய்கிறது. ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கிறது. அவர் பொருளில்லாத அசைகளைத் தேடிப்போய்ச் சோதித்தார். நாமோ பொருளுள்ள ஊர்ப்பெயர்களை, காரணத்தை எடுத்துவிட்டு, பொருளில்லாத அசைகளாக்கிப் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம். இது பெரிய அநியாயம்.

இரண்டாவது உண்மையை 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களை வைத்துக் காட்டினார்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அவர்களை முந்திவிட்டார்கள். ஆகவே, மாணவச் செல்வங்களே, அட்டவணையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுக்காதீர்கள். வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். வராத பெயருக்காக ஒரு நிமிடம் மனத்தைத் துழாவுங்கள். அந்தத் துழாவல்தான் படிப்பு. இன்று பார்த்ததை நாளை, பிறகு அடுத்த வாரம், பிறகு அடுத்த மாதம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அகர வரிசையையும் விட்டுவிடுங்கள். ஆப்கானிஸ்தானுக்கும் அல்பேனியாவுக்கும் எந்த உறவும் இல்லை. எழுத்து அடுத்தடுத்து வருகிறது, அவ்வளவுதான். ஆற்றைப் பிடித்துக்கொண்டு போங்கள். டான்யூப் ஆற்றின் போக்கில் போனால் வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேட் என்று நான்கு தலைநகரங்கள் வரிசையாக வரும். ஸ்லோவாக்கியாவா ஸ்லோவேனியாவா என்ற தொல்லையும் இங்கே தீர்ந்துவிடுகிறது: டான்யூப் கரையில் இருப்பது ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா, ஸ்லோவேனியாவின் லுப்லியானா அந்த ஆற்றில் இல்லை. நைலைப் பிடித்தால் ஜூபா, கார்ட்டூம், கெய்ரோ. ஆண்டிஸ் மலையைப் பிடித்தால் பொகோட்டா, கிட்டோ, லா பாஸ். எழுதாத வெறும் எல்லைக்கோட்டு வரைபடம் ஒன்று வைத்துக்கொண்டு, நினைவிலிருந்து ஊர்களைக் குறித்துப் பாருங்கள்.

எத்தனை நாடுகள் என்று கேட்டால் ஒரே விடை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1945இல் ஐ.நா. சபை 51 உறுப்பு நாடுகளோடு தொடங்கியது. 1960 ஒரே ஆண்டில் 17 நாடுகள் சேர்ந்தன. அவற்றில் 16 ஆப்பிரிக்க நாடுகள். இன்று 193. வத்திக்கானும் பாலஸ்தீனமும் பார்வையாளர் தகுதியில் இருக்கின்றன. தைவானும் கொசோவோவும் சில நாடுகளின் கணக்கில் உண்டு, சிலவற்றின் கணக்கில் இல்லை. இஸ்ரேல் ஜெருசலேமைத் தலைநகர் என்கிறது. பெரும்பாலான நாடுகள் தூதரகத்தை டெல் அவிவில் வைத்திருக்கின்றன. பாலஸ்தீனியர் கிழக்கு ஜெருசலேமைத் தங்கள் தலைநகராகக் கேட்கிறார்கள். பசிபிக் தீவான நவுருவுக்குச் சட்டப்படி தலைநகரே இல்லை. சுவிட்சர்லாந்தின் அரசியல் சட்டமும் எந்த ஊரையும் தலைநகர் என்று சொல்வதில்லை; பெர்ன் கூட்டாட்சி நகரம், அவ்வளவே. பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். ஒரு விஷயத்தில் உலகம் ஒத்துப்போகவில்லை என்றால் அது பிள்ளைகளுக்குத்தான் நம்மைவிட நன்றாக நினைவிருக்கும்.

நிறைவாக ஆசிரியர்களிடமும் வினாத்தாள் அமைப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். "தலைநகர் எது?" என்ற ஒரு மதிப்பெண் கேள்வியோடு, "அது ஏன் அந்த ஊர்?" என்ற இரண்டு மதிப்பெண் கேள்வியையும் சேருங்கள். கேள்வி மாறினால் கற்பிக்கும் முறையும் தானாக மாறும். பெற்றோர்களிடம் இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியிலும் இருக்கும் உலக வரைபடத்தில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். 2011 ஜூலைக்கு முந்தையது என்றால் அதில் தென் சூடான் இருக்காது, ஜூபாவும் தலைநகராகக் குறிக்கப்பட்டிருக்காது. அதை எடுத்துவிட்டுப் புதியதை வாங்கி, பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு மாட்டுங்கள்.